ரெண்டு அடிச்சா வண்டி போகணும்

படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் மாடியில் குடியிருப்பவர்கள்தான். நானும் முதல் மாடி. அதனால் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிவிடுவேன். ஐந்தாவது மாடிக் கண்டக்டரிடமும் சொல்லியிருக்கிறேன், அவருக்கு மூச்சிரைப்பு என்று தெரிந்தே. அவரும் சிரித்தார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா. எங்களுக்குள் ஒரு பகையும் கிடையாது.

முதலில் இருந்து சொல்லச் சொன்னீர்கள். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆனதிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. என் மனைவி காலையில் அலுவலகம் போய்விடுவாள். எனக்கு வேலை மாலையில்தான். கிளப் கிளப்பாகப் போய் மைக் பிடித்துச் சிரிக்க வைக்கிறவனுக்குப் பகலில் என்ன வேலை இருக்கும்? பகலெல்லாம் வீட்டோடு கிடக்கும் ஆள் என்று பார்த்துப் பதவியை என் தலையில் கட்டினார்கள். மொட்டை மாடிச் சாவி, மோட்டார் அறைச் சாவி, லிஃப்ட் சுவிட்ச் பெட்டிச் சாவி எல்லாம் என் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

சாவி வாங்க வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டா வருவார்கள். நின்று நாலு வார்த்தை பேசுவார்கள். நாலாவது மாடித் தம்பதி சண்டை போடும்போது டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். சீரியலே பிடிக்காத அந்த மனிதர் சீரியலை அலறவிட்டால் அன்று விஷயம் பெரிது என்று அர்த்தம். இரண்டாவது மாடி டீச்சருக்குப் பார்சலில் வரும் செருப்புகள் முதலில் என் வீட்டில் இறங்கும். கணவர் வெளியே போகிற நேரம் பார்த்து ஒவ்வொரு ஜோடியாக மேலே ஏறும். இதையெல்லாம் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. மேடையில் தவிர.

மேடை என்றதும் நீங்கள் டிவியில் பார்த்த மேடையை நினைக்கக்கூடாது. நான் பேசும் இடங்கள் வேறு. ஊழியர் கிளப், டென்னிஸ் கிளப்பின் பின்கட்டு, இப்படி. வாராவாரம் போவது நாற்காலிக் கடைக்கு மேலே இருக்கும் கிளப். பில்லியர்ட்ஸ் மேசையின் மேல் பலகை போட்டால் அதுதான் மேடை. ஏசியில் சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருப்பார்கள். வாளி நிறைய நிறையச் சொட்டுச் சத்தம் மாறும். யாரும் சிரிக்காத நாட்களில் எனக்கு அது ஒன்றுதான் பேச்சுத்துணை. மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். பின்வரிசையில் சீட்டாடிக்கொண்டிருப்பவர்கள் என்னைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. அவர்கள் ஆட்டத்துக்குக் குறுக்கே வந்தவன் நான். நேரம் முடிந்தால் மேனேஜர் கடைசியில் நின்று டார்ச் அடிப்பார். கண்ணில் வெளிச்சம் பட்டால், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் இறங்கிவிட வேண்டும்.

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, லிஃப்ட் நிற்கும் வரை.

முதல் தடவை அது தானாகத்தான் நின்றது. என் கைவேலை இல்லை. மொட்டை மாடிக்குப் போகிற நானும் வீட்டுக்குப் போகிற கண்டக்டரும் மட்டும் உள்ளே. விளக்கும் போய்விட்டது. பேருந்திலேயே ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்றவர் அவர். இருட்டியதும் என்ன செய்தார் தெரியுமா. குரலை உயர்த்தி, “படியில தொங்காதீங்க, உள்ள எடம் கெடக்கு” என்றார். நாங்கள் இரண்டே பேர்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பம்ப்பை எடுத்தார். மூச்சிரைப்புக்காரர்கள் வாயில் வைத்து அடிப்பார்களே, அந்தச் சின்னக் கருவி. ஒரு தடவை அடித்தார். புஸ்.

“ஒண்ணு அடிச்சா வண்டி நிக்கணும். அதான் நிக்குது” என்றார்.

விசில் கணக்கு, ஐயா. ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம்.

“அப்ப ரெண்டு அடிங்க சார், போகட்டும்” என்றேன்.

புஸ், புஸ். லிஃப்ட் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுக் கிளம்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் கிளம்பியது. கண்டக்டர் பம்ப்பைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “பாத்தியா தம்பி, டிரைவர் தூங்கிட்டு இருந்திருக்கான்” என்றார்.

அந்த வாரமே மேடையில் சொன்னேன். ‘எங்க வீட்டு லிஃப்ட் மேல சத்தியமா, இது நடந்தது’ என்று ஆரம்பித்தேன். ரெண்டாவது புஸ்ஸுக்குப் பின்வரிசைக்காரர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்கள். எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு விருது கிடையாது. டார்ச்சைக் கையில் பிடித்திருந்த மேனேஜர் அதை அடிக்க மறந்துபோனார்.

அன்றிலிருந்து நான் அந்த லிஃப்டை விட்டு வெளியே வரவே இல்லை.

பல் பிடுங்கிய கதை ஒன்று தயார் செய்தேன். நன்றாக இருக்கும். இரண்டு வரி சொல்வதற்குள் யாராவது, “அண்ணே, லிஃப்ட எடுங்க” என்பார்கள். காய்கறிக் கடையில், “ரெண்டு அடிங்க சார், பில் போடறேன்” என்பார்கள். மனைவியின் அலுவலகத்தில் அவளுக்கே ‘லிஃப்ட்காரம்மா’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் என்னிடம் சொன்னாள்: “நீங்க அதுக்குள்ளயே குடும்பம் நடத்துங்க, நான் படியிலயே வந்துக்கறேன்.” ஒரு மனிதன் ஒரே கதையை வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆட்களின் கதையைக் கேட்கிறவர்.

கண்டக்டர் ஒரு நாள் கிளப்புக்கே வந்துவிட்டார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். நான் பயந்துகொண்டே இறங்கினேன். அவர் என் தோளைத் தொட்டு, “நல்லா இருந்துச்சு. ஆனா கடைசி வார்த்தைய அவசரப்பட்டுச் சொல்லிடற தம்பி” என்றார்.

“எத சார்?”

“டிரைவர் தூங்கிட்டான்னு. வண்டி கெளம்பின உடனே நான் சொல்லலையே. ஒரு மாடி தாண்டற வரைக்கும் சும்மா இருந்தேன். கூட்டம் நம்ம வாயையே பாக்கும் பாரு, அப்பதான் சொல்லணும்.”

அடுத்த வாரம் அப்படியே செய்தேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். இத்தனை காலம் மைக் பிடித்திருக்கிறேன், சும்மா இருப்பதன் அருமையை எனக்கு யாரும் சொன்னதில்லை. இதை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வார்த்தைக்கு முன்னால் அவர் பேசாமல் இருப்பார். அது அவர் பாணி.

ஆனால் சிரிப்பு கிளப்போடு நிற்கவில்லை. குடியிருப்புப் பிள்ளைகள் அவர் பின்னாலேயே ‘புஸ் புஸ்’ என்று ஓட ஆரம்பித்தார்கள். தெருமுனைத் தேநீர்க் கடையில், “ரெண்டு அடிச்சாச்சா பெரியவரே” என்றார்கள். மனிதர் லிஃப்டை விட்டுவிட்டுப் படி ஏறினார். மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார். அவருடைய மகள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்காருகிறவள். தாய் இல்லாத வீடு, அப்பாவும் மகளும்தான். அவள் என்னிடம் வந்து, “செக்ரட்டரி அண்ணா, அப்பா படியேறி வர்றாரு. நீங்க அந்தக் கதைய விட்டுடுங்களேன்” என்றாள். பிறகு கண்டக்டரே வந்தார். “சிரிச்சது போதும் தம்பி. எறக்கி விட்டுடு” என்றார். சரி என்றேன். நிஜமாகவே விட்டுவிட நினைத்தேன். வேறு ஏதாவது கையில் இருந்தால் விட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு, மூச்சு தாங்காமல், மறுபடி லிஃப்டில் ஏறத் தொடங்கிவிட்டார், ஆனால் என்னிடம் வாயைத் திறப்பதில்லை. “என்ன சார், ரொம்ப அமைதி” என்று கேட்டால், “எதச் சொன்னாலும் டிக்கெட் கிழிச்சுக் குடுத்துடுவியே” என்பார். அதுவே எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். அவ்வளவு வைத்திருந்தார் மனிதர், உள்ளுக்குள். என்னைக் கண்டால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “உன் லிஃப்ட் ஏறி எறங்கி கயிறே தேஞ்சுபோச்சுப்பா. அடுத்த மாசம் ரெண்டாவது பாகம் கொண்டா. பலகுரல் பண்றவர் ஒருத்தர் உன் எடத்துக்கு நடையா நடக்கறாரு” என்றார். நான் கையைக் காலைப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கண்டக்டர் மறுபடியும் மாட்டிக்கொண்டதாகக் கற்பனையாக ஒன்று கட்டினேன். டென்னிஸ் கிளப்பில் சொல்லிப் பார்த்தேன். வாளி இல்லாத கிளப் அது; அந்தச் சத்தம்கூட இல்லை. கூட்டத்துக்கு மூக்கு உண்டு, ஐயா. நடக்காததைச் சொன்னால் வாசனை தெரிந்துவிடும். மேடையில் பொய் சொல்லக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்றுவரை சொன்னதில்லை.

ஆக, அது நடக்க வேண்டியிருந்தது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் நாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். தொட்டி கழுவினால் தண்ணீர் வராது. தண்ணீர் வராது என்றால் பாதிப் பேர் உறவினர் வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் கிளம்பிவிடுவார்கள். மேலே தேய்க்கிற சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. லிஃப்டில் அலாரம் மணி வேலை செய்யவில்லை என்று முன்பே புகார் வந்திருந்தது. புகார் வந்தது என்னிடம்தான். உள்ளே கைபேசி எடுக்காது. அது முதல் பாகத்திலேயே வரும். காலையில் தண்ணீர் பிடித்து வைக்கப் போன கண்டக்டரின் மகள் என் வாசலில் நின்று ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு வருகிறேன்.

மத்தியானம் கண்டக்டர் வழக்கம்போல லிஃப்டில் கீழே இறங்கினார். கதவுக்கு மேலே மாடி எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்து, மூன்றைத் தாண்டியதும் சுவிட்சை இறக்கினேன். சாவியை எடுத்துக்கொண்டு மேலே போய் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் படியில் உட்கார்ந்தேன். அங்கேதான் குரல் தெளிவாகக் கேட்கும். நான் எதையும் எழுதிக்கொள்வதில்லை. காதில் போட்டுக்கொள்வேன்.

முதலில், “எவன்டா அது கரண்ட்டப் புடுங்கினது” என்று ஒரு சத்தம். பொத்தான்களைத் தட்டினார். கதவைத் தட்டினார். அப்புறம் மெதுவாக அவருக்குள் இருந்த கண்டக்டர் எழுந்து வந்தார். “உள்ள எடம் கெடக்கு, உள்ள போங்க.” கொஞ்சம் நிறுத்தி, “அம்மா, புள்ளைய மடியில வெச்சுக்குங்க, அதுக்கும் சேத்துதான் இருட்டா இருக்கு.” அப்புறம், “யாருய்யா அது பின்னாடி, டிக்கெட் எடுக்காமயே தூங்கறது. எழுந்திரு, எடம் வந்தா நானே எழுப்பறேன்னு யாருக்கும் வாக்கு குடுக்கல.” நான் தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். அவ்வளவு சிரிப்பு. தனியாக, ஒரு கூட்டமும் இல்லாமல், அந்த மனிதர் என்னைவிடப் பெரிய ஆள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அது முதல் பாகத்திலும் உண்டு. பம்ப்பை எடுத்தார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் புஸ் வரவில்லை. டிக். காலி பம்ப்பை அழுத்தினால் வரும் சத்தம். புஸ்ஸைவிட டிக் நன்றாக இருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது. சின்னச் சத்தம். கூட்டம் முன்னால் சாய்ந்து காதைக் கொடுக்கும்.

“தம்பி” என்றார்.

நான் அசையவில்லை.

“உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும் தம்பி. படியிலதான உக்காந்திருக்க.” ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்தார். “டிரைவர் வெளிய உக்காந்துக்கிட்டா... வண்டி எப்படிப்பா போகும்.”

கேட்கிறவன் குரல் கொடுத்தால் ஆட்டம் கலைந்துவிடும். எங்கள் தொழிலில் அது பாலபாடம். பேசாமல் இருந்தேன்.

டிக், டிக்.

“ரெண்டு அடிச்சாச்சு” என்றார். “எடுப்பா.”

அப்போது எழுந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். சாவி கையில் இருந்தது. இதைவிட நல்ல முடிவு கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு படி இறங்கத் தொடங்கிவிட்டேன். பாதியில் இன்னொரு சத்தம் கேட்டது. டிக். ஒன்றே ஒன்று.

ஒன்று அடித்தால் நிறுத்து என்று அர்த்தம். நான் நின்றேன்.

ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கடைசி வார்த்தைக்கு முன்னால் அவர் பேசாமல் இருப்பார் என்று சொன்னேனே, அவரே எனக்குச் சொன்னதுதான் அது. அவசரப்படாதே தம்பி என்று என் தோளைத் தொட்டுச் சொன்னவர். அதனால் மறுபடி படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். மேலே தேய்க்கும் சத்தம் நின்றது. தொட்டி கழுவ வந்தவர்கள் வாளிகளோடு என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். “லிஃப்ட் ரிப்பேரா சார்” என்று கேட்டார்கள், “பாத்துக்கிட்டிருக்கேன்” என்றேன். படிக்கட்டு ஜன்னல் வெயில் என் முழங்காலை விட்டு அடுத்த படிக்கு இறங்கியது. அவ்வளவு நீளமாகச் சும்மா இருக்க எந்த மேடையிலும் யாருக்கும் தைரியம் வராது. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு போய் சுவிட்சைப் போட்டேன். லிஃப்ட் ஒழுங்காகக் கீழே வந்தது, கதவு திறந்தது. செயலாளர் என்ற முறையில் ஆள் கூட்டினேன், வண்டி வரவழைத்தேன், மகளுக்கு நானே தகவல் சொன்னேன். மின்தடை என்று எல்லாரும் அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அது மேடை இல்லையே. அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும் அண்ணா” என்று அழுதாள்.

அடுத்த மாதம் நாற்காலிக் கடை கிளப்பில் இரண்டாவது பாகம். அவருக்கு அஞ்சலியாகச் செய்வதாக மேனேஜரிடம் சொன்னேன். மகளை நானே அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். மரியாதைக்குத்தான். முதல் பாகத்துக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ‘புள்ளைய மடியில வெச்சுக்குங்க’ என்றபோது சிரித்தாள். பின்வரிசையில் சீட்டெல்லாம் கவிழ்ந்தது. பிறகு நான் டிக் என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. மற்றவர்கள் சிரித்தார்கள். டிக் டிக்குக்கும் சிரித்தார்கள். கடைசி ஒற்றை டிக்கை அடித்துவிட்டு, அவர் சும்மா இருந்த மாதிரியே நானும் சும்மா இருந்தேன். கூட்டம் என் வாயையே பார்த்தது. வாளியில் தண்ணீர் சொட்டியது. என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் போய்விட்டார், நானாக ஒன்றைச் சேர்த்தால் பொய்யாகிவிடும். மேனேஜர் டார்ச் அடித்தார்.

கீழே, மடக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவில் அவள் காத்திருந்தாள். கத்தவில்லை. “பம்ப் காலியாயிடுச்சுன்னு உங்ககிட்ட நான் சொன்னேன் அண்ணா, சரி. அத அவர் அடிச்சுப் பாத்தாருன்னு யாரு சொன்னது?”

ஒரு நாற்காலியை விரித்து அவள் பக்கம் தள்ளினேன்.

“ரெண்டு அடிச்சாரு, அப்புறம் ஒண்ணு அடிச்சாருன்னீங்க. நீங்க எங்க நின்னுக்கிட்டிருந்தீங்க?”

கற்பனை என்று சொல்லியிருக்கலாம். உங்களிடம்கூட இப்போது அப்படிச் சொல்லி, போய்விட்டிருக்கலாம். ஆனால் என் இரண்டாவது பாகம் கற்பனை என்று ஆகிவிடும். படியில் என்றேன்.

அவள் புகாரோடு உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. காலையில் அவள் சொன்னதற்குப் பிறகு வருகிறேன் என்றேன் இல்லையா. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “அப்பா பம்ப் தீந்துபோச்சு அண்ணா. மத்தியானம் தானே போய் வாங்கிக்கறேன்னாரு. நீங்க வீட்லதான இருப்பீங்க, ஒரு கண்ணு வெச்சுக்குங்க.” சரிம்மா என்றேன். சுவிட்சை இறக்கும்போது அது எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்ததால்தான் இறக்கினேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாவது பாகம் என்றால் முதல் பாகத்தைவிட ஒரு படி மேலே போக வேண்டும். முதல் பாகத்தில் பம்ப் வேலை செய்தது.

அவ்வளவுதான், ஐயா. ஒரே ஒரு விஷயம். டார்ச் அடிக்கும் முன் அந்த அமைதியில் நான் தோற்றுவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை. ‘எடுப்பா’ என்று நான் சொன்னபோது, மூலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறாரே அந்த அம்மா, அவர் கை நின்றுவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்குகிறது, பாருங்கள். அடக்க வேண்டாம், நன்றாகவே சிரிக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.